குழு உணர்வும் கொல்லா நெறியும்

(விழாவின் மூன்றாம் நாள் மாலை அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழு அடையாளம் எவ்வாறு வன்முறைத் தீவிரவாதமாக முற்றுகிறது என்பதை உளவியல் நோக்கில் எடுத்துரைக்குமாறு பணித்தீர்கள். இப்பொருளைப் பற்றிப் பேசுவோர் தமக்கு வேண்டாத ஏதேனும் ஒரு கூட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வது வழக்கம். கேட்போருக்கும் அது இதமாகவே இருக்கும். ‘அவர்கள் அப்படிப்பட்டவர்கள்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அந்த வசதியை உங்களுக்குத் தர நான் விரும்பவில்லை. யோகமும் தியானமும் துறவும் போதித்த, பூச்சியையும் கொல்லலாகாது என்று விதி வகுத்துக்கொண்ட ஒரு சபையின் வரலாற்றை உங்கள்முன் வைக்கிறேன். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட இந்த அவைக்கு அதுவே ஏற்றது என்று கருதுகிறேன்.

1995-ஆம் ஆண்டு மார்ச் 20, திங்கட்கிழமை. ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில் காலை எட்டு மணியளவில் அலுவலகம் செல்வோர் சுரங்க ரயில்களில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். மூன்று வழித்தடங்களில் ஓடிய ஐந்து ரயில்களில் ஐந்து மனிதர்கள் தனித்தனியே ஏறியிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகள். பைகளுக்குள் சாரின் என்னும் நச்சுத் திரவம். மறுகையில் முனையைக் கூர்தீட்டிய குடை. குறித்த நிலையம் நெருங்கியதும் பையைத் தரையில் போட்டு, குடை முனையால் குத்திவிட்டு இறங்கி நடந்தார்கள். அந்த ரயில்கள் எல்லாம் கசுமிகசேகி என்னும் நிலையத்தை நோக்கிச் செல்பவை. அரசு அமைச்சகங்களும் காவல்துறைத் தலைமையகமும் இருக்கும் இடம் அது. 13 பேர் மாண்டனர். 5,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அன்று நினைவிழந்து கால் நூற்றாண்டுக் காலம் படுக்கையில் கிடந்த ஒரு பெண்மணி 2020-இல் உயிர் நீத்தபோது இறந்தோர் தொகை 14 ஆயிற்று.

அந்த ஐவரும் யார்? ஒருவர் இதய அறுவை மருத்துவர். இக்குவோ ஹயாஷி என்பது அவர் பெயர். ஒருவர் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு செய்தவர். மற்றொருவர் வசேடா பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியல் கற்றவர். எஞ்சிய இருவரும் பொறியியலும் அறிவியலும் பயின்றவர்களே. வறுமை இல்லை; கல்வியின்மை இல்லை; அந்நிய நாட்டின் படையெடுப்பும் இல்லை. தீவிரவாதத்துக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்களில் ஒன்றேனும் இவர்களிடத்தில் பொருந்தி வரவில்லை.

இவர்கள் சார்ந்திருந்த சபையின் பெயர் ஓம் ஷின்ரிக்யோ. ‘ஓம்’ என்பது நாம் அறிந்த பிரணவமே. ஷோகோ அசஹாரா என்று தம்மை அழைத்துக்கொண்ட, பார்வைக் குறையுடைய ஒருவர் 1984-இல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஒரு சிறு யோகப் பயிற்சிக் கூடமாக இதைத் தொடங்கினார். பௌத்தம், இந்திய யோகம், திபெத்தியத் தாந்திரிகம் எல்லாம் கலந்த ஒரு போதனை. 1989-இல் அரசே இதைச் சமய நிறுவனமாகப் பதிவு செய்து அங்கீகரித்தது. உச்சக்கட்டத்தில் ஜப்பானில் மட்டும் ஏறத்தாழ 10,000 பேர் உறுப்பினராக இருந்தார்கள். 1,000-க்கும் மேற்பட்டோர் வீடு வாசல் துறந்து அங்கேயே குடிபுகுந்தார்கள். ஃபூஜி மலையடிவாரத்தில் இருந்த அவர்களுடைய கட்டடங்களில் கரப்பான்பூச்சிகளும் எலிகளும் அச்சமின்றித் திரிந்தன. உயிரைக் கொல்லலாகாது என்பது விதி. அதே வளாகத்தில், இன்னொரு கட்டடத்தில், 1993 முதல் சாரின் தயாரிக்கும் வேலை நடந்தது.

இந்த ஒரு முரண்பாட்டை விளங்கிக்கொண்டால் நம் தலைப்பின் பெரும்பகுதியை விளங்கிக்கொண்டோம் என்பேன்.

‘மூளைச்சலவை’ என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுவோர் உண்டு. அச்சொல்லில் எனக்கு நம்பிக்கை இல்லை. நோய்க்குப் பெயர் வைத்துவிட்டால் மருத்துவம் செய்ததாகி விடாது. மேலும் அது, சலவைக்கு ஆளாகாத தூய மூளை நம்முடையது என்று நம்மை நாமே தட்டிக்கொடுத்துக்கொள்ளும் சொல். உளவியல் ஆய்வுகள் சொல்வது வேறு. இந்த நோயின் வித்து எல்லார் மனத்திலும் இயல்பாகவே இருக்கிறது.

ஹென்றி தாஜ்ஃபெல் என்பவர் போலந்து நாட்டில் 1919-இல் பிறந்த யூதர். பிரான்சில் படித்துக்கொண்டிருந்தபோது உலகப்போர் மூண்டது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். தாம் யூதர் என்பதை மறைக்கவில்லை. போலந்துக்காரர் என்பதை மறைத்து, பிரெஞ்சுக்காரர் என்று பதிந்துகொண்டார். அந்த ஒரு சொல்தான் அவரைப் பிழைக்க வைத்தது. போர் முடிந்து வந்து பார்த்தபோது அவருடைய நெருங்கிய குடும்பத்தார் எவரும் உயிரோடு இல்லை. எந்தப் பட்டியலில் நம் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்து உயிர் நிற்கவும் போகவும் கூடும் என்பதை ஏட்டில் படித்து அறிந்தவரல்லர் அவர்.

பின்னாளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான அவர், 1970-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பதினான்கு, பதினைந்து வயதுப் பள்ளிச் சிறுவர் 64 பேரை அழைத்தார். திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனை என்று மதிப்பிடச் சொன்னார். ‘நீ கூட்டி மதிப்பிடும் வகை, நீ குறைத்து மதிப்பிடும் வகை’ என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொன்னார். உண்மையில் அந்தப் பிரிவினை மதிப்பீட்டைப் பொறுத்ததன்று, மனம்போனபடி செய்தது. அடுத்து வேறு சிறுவர்களைக் கொண்டு, இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்னும் சாக்கில் பிரித்தார். யார் தம் அணி, யார் மாற்றணி என்பது சிறுவர்களுக்குத் தெரியாது. குறியீட்டு எண் மட்டுமே தெரியும். தமக்கென எதுவும் எடுத்துக்கொள்ள முடியாது. முகம் தெரியாத இருவருக்குச் சிறு தொகையைப் பங்கிட வேண்டும்; அவ்வளவே வேலை.

நம் அணியைச் சேர்ந்தவனுக்கு 19, மாற்றணியானுக்கு 25 என்பது ஒரு முனை. நம்மவனுக்கு 7, மாற்றானுக்கு 1 என்பது மறுமுனை. இருவருக்கும் 13 என்பது நடு. இத்தகைய அட்டவணைகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நம்மவனுக்கு மிகுதியாகக் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கமானால் 19-ஐக் கொடுத்திருக்க வேண்டும். சிறுவர்கள் அவ்வாறு செய்யவில்லை. நியாயத்தை அவர்கள் அறவே கைவிட்டதும் இல்லை. நடுப்புள்ளியை விட்டு வெகுதூரம் போகவில்லை. ஆயினும் அவர்களுடைய கை சாய்ந்த திசை தெளிவாகத் தெரிந்தது. நம்மவனுக்குச் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, மாற்றானைவிட நம்மவன் ஒரு படி மேலே நிற்க வேண்டும். புள்ளிகளை எண்ணியதால் பிறந்த, ஒரு மணி நேரங்கூட ஆகாத ‘நாம்’ அது! அதற்கே இத்தனை வலிமை.

அந்தச் சிறுவர்கள் எவரையும் அடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘நாம்’ என்று உணர்வதே வன்முறை என்று கூறினால், இந்த அறக்கட்டளை, இந்த விழா, நம் குடும்பங்கள் எல்லாமே குற்றமாகிவிடும். பசித்தவருக்கு இங்கே உணவிடுகிறீர்கள். பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகிறீர்கள். அதுவும் குழு உணர்வால் விளைந்ததே. சாய்ந்த கை ஓங்கிய கையாவதற்கு இடையில் வேறு சில நிகழ வேண்டும். அவை எவை என்பதற்கு மீண்டும் ஜப்பானுக்குச் செல்வோம்.

இந்தச் சபையில் சேர்ந்த இளைஞர்கள் கொலை செய்வதற்காகச் சேரவில்லை. 1980-களின் ஜப்பான் செல்வத்தில் திளைத்த நாடு. நல்ல கல்லூரி, நல்ல நிறுவனம், நல்ல சம்பளம் என்று தண்டவாளம் போட்டதுபோல் வாழ்க்கை. அதில் ஏதோ ஒன்று குறைகிறது என்று உணர்ந்தவர்களே இங்கே வந்தார்கள். எழுத்தாளர் ஹாருகி முராகமி இச்சபையினர் சிலரைச் சந்தித்து உரையாடி எழுதியிருக்கிறார். படித்துப் பார்த்தால் அவர்கள் அரக்கர்களாகத் தெரியவில்லை. வாழ்வின் பொருள் என்ன என்று மற்றவர்களைவிட மிகுதியாகக் கேட்டவர்களாகவே தெரிகிறார்கள். அக்கேள்வி கேட்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் நாம் அவர்களுக்கு விடை சொல்வதில்லை; நுழைவுத்தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறோம்.

துறவு பூண்டவர் தம் உடைமை அனைத்தையும் சபைக்கு எழுதிக்கொடுத்தார். பெற்றோர், மனைவி மக்களோடு தொடர்பு அறுந்தது. வடமொழியிலும் பாலியிலும் புதிய பெயர்கள் சூட்டப்பட்டன. குருவின் மூளை அலைகளைச் சீடனுக்குள் செலுத்துவதாகச் சொல்லி, மின்முனைகள் பொருத்திய தலைக்கவசத்தை அணிவித்தார்கள். இந்தக் கடைசிச் செய்தி சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் அதன் பொருளை எண்ணிப் பாருங்கள். சீடனுடைய மனம் என்று தனியே ஒன்று இருக்கக்கூடாது. இருப்பது ஒரே மனம், அது குருவினுடையது.

இதிலுள்ள துறவையும் பெயர் மாற்றத்தையும் உடைமை நீக்கத்தையும் நான் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் மரபின் துறவியர் இவற்றையெல்லாம் மேற்கொண்டவர்களே. வேறுபாடு எங்கே என்பதைக் கவனிக்க வேண்டும். உங்கள் முனிவர் எதைத் துறந்தார் என்பதை ஊரறியும். அவர் உண்பதும் உறங்குவதும் நடப்பதும் நால்வர் கண்முன் நடக்கும். அவர் பிறழ்ந்தால் இல்லறத்தாரே கேள்வி கேட்பர். இல்லறத்தாரையும் துறவியரையும் பிணைத்த சங்கம் என்னும் ஏற்பாடு ஒருவகையில் இருபுறமும் காவல். ஓம் ஷின்ரிக்யோவில் துறவியைச் சுற்றி மதில் எழுந்தது. உள்ளே நடப்பதை வெளியிலிருந்து பார்ப்பார் இல்லை.

1988-இல் மதிலுக்குள் ஓர் உறுப்பினர் கடும் பயிற்சியின்போது இறந்துபோனார். அது கொலையன்று. காவல்துறைக்கு அறிவித்திருந்தால் வழக்கு வந்திருக்கும். சமய நிறுவனமாகப் பதிவு பெறுவது தடைப்பட்டிருக்கும். சபையின் நற்பெயரைக் காக்க வேண்டும் என்று உடலை எரித்து மறைத்தார்கள். அந்த உண்மையை அறிந்த இன்னோர் உறுப்பினர் சபையை விட்டு வெளியேற விரும்பினார். 1989 பிப்ரவரியில் அவரைக் கொன்றார்கள். முதற்கொலை வெளியாரைக் கொன்றதன்று, தம்மவரையே கொன்றது. தீவிரவாதக் குழுக்களின் வரலாற்றைப் படிப்போர் இதைப் பல இடங்களில் காண்பார்கள்: எதிரியைவிட, விலகிப் போகிறவன்தான் அவர்களை அச்சுறுத்துகிறான். அதே ஆண்டு நவம்பரில், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்களுக்காக வாதாடிய சாகாமோட்டோ என்னும் வழக்கறிஞரையும், அவர் மனைவியையும், ஒரு வயதுக் குழந்தையையும் அவர்கள் வீட்டுக்குள் புகுந்து கொன்றார்கள். ஐந்தாண்டுகளுக்கு மேல் அக்குடும்பம் காணாமற்போனதாகவே கருதப்பட்டது.

1990-இல் அசஹாரா உட்பட 25 பேர் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார்கள். ஒருவர்கூட வெல்லவில்லை. உலகம் எள்ளி நகையாடியது. அவமானம் என்பது குழுவைக் கலைக்கவும் செய்யும், இறுக்கவும் செய்யும். மதில் எழுப்பிய குழுவை அது இறுக்கிவிடும். ‘நாம் தோற்றோம்’ என்பதற்குப் பதிலாக, ‘உலகம் திருந்தாது’ என்று முடிவு கட்டினார்கள். அதன் பின்னர் உலக அழிவைப் பற்றிய பேச்சு மிகுந்தது. நம்மை அழிக்கப் பகைவர் நச்சுப் புகை தூவுகின்றனர் என்று குரு கூறினார். அவருடைய ஆட்கள் நச்சுப் புகை தயாரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் இதைக் கூறினார்.

கொல்லாமை விதி என்ன ஆயிற்று? அது கடைசிவரை அழிக்கப்படவில்லை. அதன் அருகே இன்னொரு சொல் வந்து அமர்ந்தது. திபெத்திய பௌத்தத்தில் இறப்போரின் உணர்வை நற்கதிக்கு உயர்த்தும் ஒரு சாதனை உண்டு. அதன் பெயரைத் திரித்து ‘போவா’ என்று வழங்கினார்கள். தீவினை சேர்த்துக்கொண்டே போகும் ஓர் உயிரை மேலும் தீவினை செய்யாதபடி தடுத்து மேலுலகுக்கு அனுப்புவது போவா. அனுப்பும் தகுதி குருவுக்கு உண்டு. குருவின் ஆணையை நிறைவேற்றுவோர் அவ்வுயிருக்கு நன்மையே செய்கின்றனர். இவ்வளவுதான். கொலை என்ற சொல் அந்த அறையில் பேசப்படாமலே போயிற்று. ‘அவருக்குப் போவா செய்ய வேண்டும்’ என்று சொன்னால், கேட்டவர் கருணையைப் பற்றிய பேச்சாகவே அதைக் கேட்டுக்கொண்டார்.

ராபர்ட் ஜே லிஃப்டன் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர், சீனாவில் நடந்த சிந்தனைச் சீர்திருத்த முகாம்களைப் பற்றி 1961-இலேயே ஆராய்ந்து எழுதியவர். பின்னர் ஓம் ஷின்ரிக்யோவிலிருந்து விலகியவர்களையும் சந்தித்து 1999-இல் ஒரு நூல் எழுதினார். மூடிய குழுக்களில் மொழி எப்படிச் சுருங்குகிறது என்பது அவர் இடைவிடாது வலியுறுத்திய செய்தி. சிக்கலான கேள்வி எழும் இடத்தில் குழுவின் சொல் ஒன்று வந்து அடைத்துக்கொள்கிறது. அச்சொல்லைச் சொன்னதும் கேள்வி முடிந்துபோகிறது. இதை ஜப்பானில் மட்டுந்தான் காணலாம் என்று எண்ண வேண்டாம். ‘சுத்திகரிப்பு’, ‘பாடம் புகட்டுதல்’, ‘களையெடுப்பு’ போன்ற சொற்கள் ஒரு கூட்டத்தில் புழங்கத் தொடங்கினால், அங்கே எந்தப் பழைய சொல் காணாமற்போயிற்று என்று தேடிப் பார்க்க வேண்டும்.

மருத்துவர் ஹயாஷிக்கு வருவோம். ரயிலில் தம்மைச் சுற்றி நின்ற மனிதர்களைப் பார்த்தபோது உள்ளம் தடுமாறியதாக அவர் பின்னர் நீதிமன்றத்தில் கூறினார். உயிர் காக்கும் தொழில் செய்தவர் அல்லவா? அவரிடம் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றைத்தான் குத்தினார். அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. கசுமிகசேகி நிலையத்தில் அந்தப் பையை அப்புறப்படுத்தித் தரையைத் துடைத்த ஊழியர்கள் இருவர் மாண்டனர்.

அந்தத் தடுமாற்றம் ஏன் அவரைத் தடுக்கவில்லை? உளவியலில் மற்றோர் ஆய்வு இதற்குத் துணை செய்யும். 1950-களில் சாலமன் ஆஷ் என்பவர் அமெரிக்காவில் நடத்தியது. ஒரு கோட்டைக் காட்டி, அதன் நீளத்துக்குச் சமமானது மூன்று கோடுகளில் எது என்று ஒரு குழுவிடம் கேட்பார்கள். சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அக்குழுவில் ஒருவரைத் தவிர ஏனையோர் ஆய்வாளரின் ஆட்கள். முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். தனித்து விடப்பட்டவர் தம் கண்ணை நம்புவாரா, கூட்டத்தை நம்புவாரா? ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தின் பக்கம் போயின. இந்த அளவில் இந்த ஆய்வு எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. பலரும் படிக்காமல் விடுவது அதன் இரண்டாம் பகுதியை. கூட்டத்தில் ஒரே ஒருவர் உண்மையான விடையைச் சொல்லும்படி ஏற்பாடு செய்தபோது, தவறுகள் இருபதில் ஒன்று என்னும் அளவுக்குச் சரிந்தன. அந்த ஒருவர் செல்வாக்கு உடையவராக இருக்க வேண்டியதில்லை. வாதம் செய்ய வேண்டியதில்லை. தாம் கண்டதைச் சொன்னால் போதும்.

ஹயாஷி ரயிலில் தனியாக இருந்தார். ஆயினும் தனியாக இல்லை. அந்த நொடியில் வேறு நான்கு ரயில்களில் நான்கு தோழர்கள் தத்தம் குடையோடு நிற்கிறார்கள் என்பதை அவர் அறிவார். அவர்களில் எவரேனும் முந்திய நாள் இரவு, ‘இது கொலை அல்லவா?’ என்று ஒரு சொல் கேட்டிருந்தால்? எவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்களை 1989 முதலே அகற்றி வந்தார்கள். மிஞ்சியோர் கேட்காதிருக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் ‘என் உள்ளத்தில்தான் ஐயம், மற்றவர் உறுதியாக இருக்கின்றனர், ஆகவே குறை என்னிடத்தில்’ என்று எண்ணியிருக்கக் கூடும். ஐந்து பேரின் தயக்கம் ஒன்றோடொன்று சந்திக்காமலே ஐந்து ரயில்களில் போய்ச் சேர்ந்தது.

இங்கே உங்கள் மரபின் ஒரு நுட்பத்தை நினைவுகூர விரும்புகிறேன். இம்சையைத் திரவிய இம்சை, பாவ இம்சை என்று பகுத்து, புறச்செயலோடு அகத்தையும் சேர்த்து எடைபோடுவது உங்கள் நெறி. அகத்தில் சினமும் பகையும் இல்லாவிட்டால் இம்சை இல்லை என்று மேலோட்டமாகப் புரிந்துகொள்வோர் சிலர் உண்டு. அவ்வாறு புரிந்துகொண்டால் அந்த ஐவரும் தப்பிவிடுவர். பயணிகள்மீது அவர்களுக்குச் சினம் இல்லை, தனிப்பகை இல்லை, கருணை செய்வதாகவே எண்ணினர். உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது சினத்தோடு நிறுத்தவில்லை. பிரமாதம் என்னும் விழிப்பின்மையை முன்வைக்கிறது. நான் எடுத்துக்கொள்ளும் பொருள் இது: பார்க்க வேண்டியதைப் பாராமை, எடைபோட வேண்டியதைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுக் கண்மூடிக்கொள்ளுதல். ஆகமம் கற்ற பெரியோர் இங்கே இருக்கிறீர்கள். வேறு விளக்கம் இருப்பின் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ‘குரு சொன்னார், கூட்டம் செய்தது, நான் பின்சென்றேன்’ என்பதற்கு இந்த வரையறையில் இடமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சபையின் பெரும்பாலோருக்குச் சாரினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதையும் கூற வேண்டும். செய்தியைக் கேட்டபோது அவர்களில் பலர் நம்ப மறுத்தனர். தம் சபைமீது சுமத்திய பொய்ப்பழி என்றே கருதினர். கொலை செய்தவர்கள் சிலர். ஐயம் வந்தபோது அதை அடக்கிக்கொண்டவர்கள் பலர். அந்தப் பலரைப் பற்றி நீதிமன்றங்கள் பேசுவதில்லை. பேசவும் முடியாது. அது நம்மைப் போன்றவர்கள் பேச வேண்டிய செய்தி.

மதிலுக்கு வெளியே இருந்தவர்களைப் பற்றியும் சொல்லாவிட்டால் இவ்வுரை ஒருதலைப்பட்சமாகிவிடும். டோக்கியோ நிகழ்ச்சிக்கு ஒன்பது மாதங்களுக்கு முன், 1994 ஜூன் 27 இரவில், மட்சுமோட்டோ என்னும் நகரில் இதே சபையார் சாரினைத் தூவினார்கள். அவர்கள்மீது நடந்த ஒரு நில வழக்கை விசாரித்த நீதிபதிகள் தங்கியிருந்த குடியிருப்பே இலக்கு. ஏழு பேர் இறந்தனர். முதலில் தொலைபேசியில் உதவி கோரியவர் யோஷியூகி கோனோ என்பவர். அவர் மனைவி நினைவிழந்து விழுந்திருந்தார். மறுநாள் காவல்துறை அவர் வீட்டையே சோதனையிட்டது. வீட்டில் புகைப்படத்துக்குப் பயன்படும் சில இரசாயனங்கள் இருந்தன. அவர்தான் எதையோ கலந்து நஞ்சை உண்டாக்கிவிட்டார் என்ற செய்தி பரவியது. நாளிதழ்கள் எழுதின; தொலைக்காட்சிகள் காட்டின; முன்பின் அறியாதோர் மிரட்டல் கடிதம் விடுத்தனர். மனைவி படுக்கையில் கிடக்க, கணவர் கொலைகாரர் எனப் பெயர் எடுத்தார். டோக்கியோவில் குடைகள் குத்திய பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. ஊடகங்கள் பின்னர் மன்னிப்புக் கேட்டன. ஆனால் பார்வையெல்லாம் அவர்மீது நிலைத்திருந்த அந்த ஒன்பது மாதங்களில் உண்மைக் குற்றவாளிகள் அடுத்த வேலைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள்.

1995-க்குப் பிறகு, சபையின் எஞ்சிய உறுப்பினர்கள் குடியேற வந்த ஊர்களில் மக்கள் திரண்டு தடுத்தனர். பல நகராட்சிகள் அவர்களுடைய குடியிருப்புப் பதிவை ஏற்க மறுத்தன. அசஹாராவின் பிள்ளைகளைப் பள்ளிகளில் சேர்க்க ஊரார் எதிர்ப்புத் தெரிவித்தனர். தேர்வில் வென்ற ஒரு மகளைப் பல்கலைக்கழகங்கள் ஏற்க மறுத்தன. நான் இதைக் கொலையோடு ஒப்பிடவில்லை. இரண்டும் ஒரே எடை என்று கூறுவது அநீதி. தம் தெருவில் நஞ்சு வந்துவிடுமோ என்று அஞ்சிய தாயின் அச்சம் பொய்யன்று. ஆனால் பள்ளி வாயிலில் நின்ற அந்தக் குழந்தை செய்த குற்றம் என்ன? எந்தப் பட்டியலில் பிறந்தது என்பது மட்டுமே. குழுவிலிருந்து விலகி வர விரும்பிய ஓர் உறுப்பினர், வெளியே தமக்கு இடமே இல்லை என்று கண்டால் எங்கே போவார்? மதிலை உள்ளிருப்போர் மட்டும் எழுப்புவதில்லை.

2018 ஜூலையில் அசஹாராவும் அவருடைய சீடர் 12 பேரும் தூக்கிலிடப்பட்டனர். தாமே முன்வந்து உண்மைகளைக் கூறியதால் மருத்துவர் ஹயாஷிக்கு ஆயுள் தண்டனை. அசஹாரா வழக்கின் பெரும்பகுதியில் விளங்கும்படி எதுவும் பேசாமலே இருந்துவிட்டார். ஏன் செய்தீர் என்ற கேள்விக்கு அவரிடமிருந்து விடை கிடைக்கவில்லை.

கோனோவின் மனைவி 14 ஆண்டுகள் நினைவு திரும்பாமலே இருந்து 2008-இல் காலமானார். கோனோ அசஹாராவைத் தூக்கிலிட வேண்டும் என்று கேட்டவரல்லர். மரண தண்டனை கூடாது என்றே கூறிவந்தார். தீர்ப்பு வருமுன் ஒரு மனிதனைக் குற்றவாளி எனச் சொன்னால் என்ன நேரும் என்பதைத் தம் வாழ்க்கையில் கண்டவர் ஆதலால், அசஹாராவைக்கூட அவர் மரியாதைச் சொல் சேர்த்தே குறிப்பிட்டார். இதைக் கேட்டு அவர்மீது வருத்தம் கொண்ட பாதிக்கப்பட்டோரும் இருந்தனர். அவர்களையும் நான் குறைகூறத் துணியேன். மன்னிக்கும்படி வேறொருவரைக் கட்டாயப்படுத்தும் உரிமை நமக்கு இல்லை.

மட்சுமோட்டோவில் சாரினைத் தூவிய ஊர்தியைச் செய்ய உதவிய சபையினர் ஒருவர் பத்தாண்டுச் சிறைக்குப் பிறகு விடுதலையானார். அவர் கோனோவின் வீட்டைத் தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். கோனோ அவரை உள்ளே அழைத்தார். சிறையில் தோட்டவேலை கற்றிருந்த அந்த மனிதர், அதன் பின்னர் அவ்வப்போது வந்து அவர் வீட்டுத் தோட்டத்து மரங்களைக் கத்தரித்துச் செம்மைப்படுத்திக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து மீன்பிடிக்கப் போனதும் உண்டு. மீன்பிடிப்பை இந்த அவை ஏற்காது என்பதை அறிவேன்; நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டேன்.

இளைஞர்கள் கேள்விகள் வைத்திருப்பதாக அறங்காவலர் கூறினார். கேளுங்கள், காத்திருக்கிறேன்.